உரச்சாக்குக்குள் இரண்டு பேர்

ஆறு தடவை விசில் ஊதிவிட்டேன். இனி ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், பிறகு மறுபடி ஆறு. அப்படித்தான் காலையில் மலை ஓட்டப் பந்தயம் தொடங்கும் முன் பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், விடாமல் ஊதினால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம், விட்டுவிட்டு ஊதினால்தான் ஆபத்து என்று புரியுமாம். அந்த ஒரு நிமிடம்தான் தாங்க முடியவில்லை. ஊதும்போது ஏதோ செய்துகொண்டிருக்கிறேன். ஊதாதபோது மழைதான், பையின்மேல் பொரி வறுக்கிற மாதிரி. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பை, ஆள் உயரம், மலையில் மாட்டிக்கொண்ட ஒருவர் உள்ளே நுழைந்து கழுத்துவரை இழுத்துக்கொள்வதற்கென்று செய்தது. ஒருவர். அதற்குள் நானும் அத்தையும் இருக்கிறோம், முதுகுக்குப் பின்னால் பாறை, அடியில் எங்கள் இரண்டு பேருடைய முதுகுப்பைகள், முன்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் புல்மேடு இருக்கிறது, அதற்குக் கீழே சோலை இருக்கிறது, சோலைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு ஓட்டத்தை நடத்துகிற ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் வரைபடத்தில் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு இப்படி ஒரு வெள்ளை. அத்தையின் நடுக்கம் என் விலாவில் தட்டிக்கொண்டே இருக்கிறது. நல்லது. நடுங்குகிறவரைக்கும் பயமில்லை, நடுக்கம் நின்றால்தான் பயம், அதையும் காலையிலேயே சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். அத்தை கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அவள் போட்டிருந்த ஷூ எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சரி, நிமிடம் ஆகியிருக்கும். ஊது மைதிலி.

இத்தனைக்கும் காரணம் ஒரு சின்ன ஓடைதான், வேறு எதுவும் இல்லை, பாறையில் பாசி, கணுக்கால் அளவுத் தண்ணீர், நான் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அத்தை தண்ணீருக்குள் இடுப்பளவு உட்கார்ந்திருக்கிறார், பவானி கூடுதுறையில் முழுக்குப் போட வந்தவர் மாதிரி. சிரித்தார். நானும் சிரித்தேன். எழுப்பிவிட்டபோதும் சிரிப்பு அடங்கவில்லை. மேட்டின் பாதியில்தான், "அம்மணி, முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார். பார்த்தால் உள்ளே கொய்யாப்பழம் வைத்த மாதிரி வீங்கியிருக்கிறது. என் தோளில் சாய்த்து இந்தப் பாறைவரை கொண்டுவந்தேன், அதற்குள் மழை, அதற்குள் காற்று. ஓடிக்கொண்டிருக்கிறவரை உடம்பு அடுப்பு, உட்கார்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். எங்களுக்குப் பின்னால் வந்த இம்மானுவேல் என்ற பையன், பையன் என்ன, தாடியில் நரை இருந்தது, அவர்தான் நின்றார். போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. வரைபடத்தை விரித்து நாங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார், அத்தையின் கையுறை ஓடையில் நனைந்திருந்ததால் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி நீட்டினார். அத்தை, "உங்களுக்கு வேணுமுங்களே தம்பி" என்று மறுக்க, "எனக்கு ஓடுனா சூடாயிடும்மா" என்று சொல்லிவிட்டு வெள்ளைக்குள் ஓடிப் போய்விட்டார். காலடிச் சத்தம் கூடக் கொஞ்ச நேரம்தான். கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். சேர்ந்திருப்பாரா? வட்டத்தைச் சரியான இடத்தில்தான் போட்டாரா? நானும் எட்டிப் பார்த்தேனே, சரி என்று தலையாட்டினேனே. மேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? வரைபடத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் செங்குத்து. நாங்கள் இருப்பது செங்குத்தா? உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே செங்குத்தாகத்தான் தெரிகிறது.

இந்தப் பையை வாங்கியது நான். ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் கட்டாயமாகக் கொண்டுவர வேண்டிய சாமான்களைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, குல்லா, கையுறை, விசில், திசைகாட்டி, உடம்பு நனைந்தால் மாற்ற ஒரு கம்பளி மேல்சட்டை, இந்தப் பை, அவசரத்துக்குத் தின்ன ஏதாவது. ஒன்று குறைந்தாலும் ஓட விடமாட்டார்களாம். அத்தை, "ஓடப் போறமா, குடிபோகப் போறமா?" என்றார். எனக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளித்தாள் பை வாங்கிக்கொண்டேன். அத்தைக்கு மட்டும் இந்தத் தடிமனான ஆரஞ்சு. ஏனென்று அப்போது யோசிக்கவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன அம்மணி, யூரியா மூட்டைச் சாக்காட்டம் இருக்குது, இதைச் சுமந்துட்டு நான் மலையேறோணுமா?" என்று ஒரு வாரம் குறைபட்டார். உரச்சாக்கு என்றுதான் அதற்குப் பெயரே. என் வெள்ளித்தாள் பை விரித்த உடனே காற்று பிடுங்கிக் கிழித்துப் போட்டது, துண்டு துண்டாக இன்னும் இந்த மேட்டில் எங்கேயோ பறந்துகொண்டிருக்கும். காலையில் மைதானத்தில் சாமான் பரிசோதித்த பெண் அத்தையின் மழைச்சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் மேலெல்லாம் தண்ணீர் புகாமல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அத்தைக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. "பாத்தியா, ரவிக்கைக்கு உள்பட்டி பாக்கற மாதிரி பாக்கறா" என்று என் காதில் சொன்னார். குல்லாவைக் காட்டச் சொன்னபோது, கத்தரிப்பூ நிறத்தில் தானே பின்னிய குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டியே காட்டினார். அது இப்போது என் மோவாய்க்கு அடியில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. ஊது. ஒன்று, இரண்டு. உதடு மரத்துப் போய்க் காற்று பக்கவாட்டில் போகிறது. மூன்று.

அத்தை என்று கூப்பிடுகிறேன், சட்டப்படி அவர் எனக்கு யாருமில்லை. அவர் மகன் சபரீஷுக்கும் எனக்கும் விவாகரத்து ஆகி இரண்டு வருடம். சண்டை ஒன்றும் பெரிதில்லை, அதுதான் சிக்கல், சண்டை போடுகிற அளவுக்குக்கூட ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை இல்லாமல் போய்விட்டது. அந்த வீட்டில் நான் விட்டுவந்த சாமான்களில் எதையும் நினைத்ததில்லை. அத்தையை மட்டும் எப்படி விட்டுவருவது என்று தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க அழுதேன். கல்யாணமான புதிதில் நான் விடிகாலையில் ஓடப் போவேன், "பொட்டப்புள்ள தனியாப் போறா" என்று ராஜாமணி அத்தை பின்னாலேயே நடந்து வருவார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் சபரீஷின் பழைய ஷூ. ஒரு நாள் நாய் துரத்தியது. என்னைத் தாண்டி ஓடினார். நின்று திரும்பிப் பார்த்து, "அட, வருது அம்மணி!" என்றார், ஓட்டம் என்பது இத்தனை வருடம் தன் உடம்பில் எங்கோ விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டவர்போல. அப்போது ஐம்பத்து மூன்று வயது. விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ரேஸ்கோர்ஸ் சாலையில் எப்போதும் நாங்கள் சந்திக்கிற மரத்தடிக்கு நான் போனேன், பழக்கத்தில் போனேன், அங்கே அத்தை கால் நரம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "லேட்டு" என்றார். அவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிந்ததும், "அவனோட நீ வாழலைன்னா போகுது. என்னோட ஓடறதுக்கு என்ன வந்துச்சு?" என்றார். ஊரில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் என்னென்ன பேசியிருப்பார்கள், அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. யாராவது வழியில் நிறுத்தி, இது யாருங்க என்று கேட்டால், "கூட ஓடற புள்ள" என்பார்.

பைக்குள் நுழையும் முன் நனைந்த கால்சட்டையை நான்தான் உரித்தேன். ஈரம் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. "கருமம், யாராச்சும் வந்துட்டா?" என்று அத்தை புல்வெளியைப் பார்த்தார். "யாராச்சும் வரட்டும்னுதான அத்தை விசில் ஊதறோம்." "கால்சட்டை போட்ட பொறவு வரட்டும்." சிரிக்க முயன்றார், பல் கிட்டிக்கொண்டது. தொடை கல் மாதிரி சில்லிட்டிருந்தது. அடிவயிற்றில் குறுக்காக அந்தப் பழைய வெட்டு, சபரீஷை எடுத்த இடம், மங்கின வெள்ளிக்கம்பி போல. நான் அதைப் பார்த்தது அவருக்குத் தெரியும். என் துண்டால் துடைத்து, என்னுடைய மாற்றுச்சட்டையை உள்ளே, அவருடைய கம்பளிச்சட்டையை அதற்கு வெளியே, மழைச்சட்டையை அதற்கும் மேலே, மழைக்கால்சட்டை, இம்மானுவேலின் கையுறை. என் அம்மாவுக்குக்கூட நான் உடை மாற்றியதில்லை. பிறகு அவரை என் இரு கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, என் மழைச்சட்டையின் பட்டனைத் திறந்து, முதுகோடு மார்பாக அணைத்துக்கொண்டு பையை இழுத்து ஏற்றினேன். குளிர் அவரிடமிருந்து எனக்கு வந்தது, சாக்கடைத் தண்ணீர் மாதிரி, வரட்டும், சூடு இங்கிருந்து அங்கே போகிறதா என்பதுதான் தெரியவில்லை, உடம்பு கொடுக்கிறதைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை.

"எள்ளுருண்டை தின்னுங்க அத்தை." கட்டாய உணவுக்கென்று அவரே உருட்டிக்கொண்டு வந்தது, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்திருக்கிறார். "அது பிரிக்கக்கூடாதாமா. ஓடி முடிச்சுப் பிரிக்காமக் காட்டோணும்னு சொன்னாங்கல்ல." "அவசரம்னாப் பிரிக்கலாங்க." "இது என்ன அவசரம்? கால் சுளுக்கு." "அத்தை, இதுதாங்க அவசரம்." கொஞ்சம் யோசித்தார். அறுபத்தொரு வயதில் சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மைதானத்தில் பரிசோதித்த பெண் கையில் முத்திரை குத்திவிட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன், அதைக் கெடுக்கிறேன். பல்லால் உறையைக் கிழித்து வாயருகே கொண்டுபோனேன். மென்றார். மெதுவாக, மிக மெதுவாக. வெல்லமும் எள்ளும் மணத்தது, இந்த வெள்ளைக்குள் வீட்டு அடுக்களை வாசம், அழாதே, மூக்கு ஒழுகினால் விசில் ஊத முடியாது.

"அம்மணி." நாக்கு தடித்த மாதிரி இருந்தது குரல். "சபரிக்குப் பொண்ணு முடிவாயிருச்சு." நான் பையின் ஓரத்தை இழுத்துவிட்டேன். "தை மாசம். உன்ரகிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு மேட்டுல ஏறையில எல்லாம் நெனச்சுட்டே வந்தேன். மூச்சு வாங்குச்சா, அப்பறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்." "நல்லதுங்க அத்தை." "நல்ல புள்ள. ஈரோட்டுப் பக்கம்." பிறகு, "அவ ஓட மாட்டா" என்றார். சபரீஷ் கல்யாணம் செய்துகொள்ளட்டும். தேடிப் பார்க்கிறேன், அந்த இடத்தில் வலி இல்லை. ஆனால் வேறொரு இடத்தில், எதிர்பாராத இடத்தில், படியென்று நினைத்துக் கால் வைத்தால் படி இல்லாதது போல. தை மாதத்துக்குப் பிறகு ஒரு பெண் அந்த வீட்டில் இவரை அத்தை என்று கூப்பிடுவாள், அவளுக்கு உரிமை இருக்கிறது, அவளுக்கு நாம் வருத்தம் கொடுக்கக்கூடாது, முன்னாள் மருமகளோடு ஞாயிற்றுக்கிழமை என்ன ஓட்டம் என்று யாராவது கேட்பார்கள், அவள் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும், அத்தை முதலில் ஒரு வாரம் வரமாட்டார், பிறகு மழை என்பார், பிறகு முட்டி வலி என்பார். மரத்தடியில் நான் நிற்பேன். இதையா இப்போது நினைப்பது? இவர் இங்கே இருக்கிறார், என் கைக்குள் இருக்கிறார், தை மாதத்தை நினைத்து நான் எதற்கு இப்போதே இவரை இழந்துகொண்டிருக்கிறேன்? ஊது. நான்கு. ஐந்து. ஏதோ மாறியிருக்கிறது. என்ன? மழை அப்படியே இருக்கிறது. காற்று அப்படியே. என் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது நின்றுபோயிருக்கிறது.

"அத்தை." பதில் இல்லை. "அத்தை! நடுக்கம் நின்னுருச்சா?" "புழுங்குது" என்றார் தெளிவாக. "சட்டையக் கழட்டீரட்டுமா? பாலைப் பாரு அம்மணி, பொங்கிரப் போகுது." எந்தப் பால், எந்த அடுப்பு? கையுறைக் கை மார்பில் ஜிப்பைத் தேடுகிறது. பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய் ஆள் கூட்டிவர வேண்டும். இப்போதே. கூடாரம் இறக்கத்தில்தான், வழி தெரிந்தால் போய்விடலாம், தெரியவில்லையே, தெரியாமல் ஓடினால் சோலைக்குள் மாட்டிக்கொள்வேன், அப்புறம் தேடுகிறவர்கள் இரண்டு இடத்தில் இரண்டு பேரைத் தேட வேண்டும். நான் எழுந்தால் பைக்குள் பாதிச் சூடு எழுந்துவிடும், ஜிப்பை இழுத்துவிடுவார், யார் தடுப்பது. ஆனால் இம்மானுவேல் போய்ச் சேராவிட்டால்? சேராவிட்டால் இங்கே இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டே, அது சரியா? இருக்கிறேன் என்று நான் முடிவு செய்வது இவருக்காகவா, அந்த வெள்ளைக்குள் தனியாக இறங்க எனக்குப் பயம் என்பதாலா? இரண்டும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகிறபோது எது தள்ளுகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு நேரமில்லை. இருக்கிறேன். என் குல்லாவையும் எடுத்து அவர் குல்லாவின்மேல் மாட்டினேன், பையின் வாயை இருவர் தலைக்கும் மேல் இழுத்து மூச்சுக்கு மட்டும் சந்து விட்டேன், உள்ளே எல்லாம் ஆரஞ்சு, ஒரு பழத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல. இன்னொரு எள்ளுருண்டையைப் பொடித்து வாயில் வைத்தேன். "மெல்லுங்க." மெல்லவில்லை. "ராஜாமணி!" என்று கத்தினேன். வாழ்நாளில் நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "மெல்லு!" தாடை அசைந்தது. கையுறைக்குள் கையை நுழைத்து விரலைத் தேய்த்தேன், அவர் கழுத்தில் என் வாயை வைத்துச் சூடாக ஊதினேன், பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன், நாய் துரத்தியதைச் சொன்னேன், கூடலூரில் ஓடியபோது லாரிக்காரர் நிறுத்தி எங்கே போகணும் ஏறிக்கோங்கம்மா என்றதைச் சொன்னேன், ஈரோட்டுப் பெண்ணின் பெயர் என்ன, என்ன படித்திருக்கிறாள், கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "மாம்பழக் கலர்" என்றார் எங்கிருந்தோ. "உனக்கும் ஒண்ணு." எனக்கு எதற்கு அத்தை, நான் அங்கே எப்படி வருவது என்று கேட்க வாயெடுத்தபோது, என் மார்போடு ஒட்டியிருந்த முதுகில் ஒரு துடிப்பு. ஒன்றே ஒன்று. பிறகு இன்னொன்று, பிறகு தோள், பிறகு மொத்த உடம்பும் பழைய கிரைண்டர் ஓடத் தொடங்குவதுபோல உதறி உதறிப் பிடித்துக்கொண்டது. நடுங்கினார். பல்லெல்லாம் தந்தியடித்தது. "குளுருது அம்மணி, ஐயோ குளுருது." "குளுருட்டுங்க" என்றேன், சிரித்தேன், அழுதேன். "நடுங்குங்க அத்தை. நல்லா நடுங்குங்க." இவ்வளவு அழகான ஒன்றை நான் கட்டிப் பிடித்ததே இல்லை.

ஊதினேன். ஆறு முறையா பதினாறு முறையா தெரியாது. கீழேயிருந்து ஒரு விசில் திருப்பி ஊதியது. முதலில் என் காதுக்குள் என்று நினைத்தேன். பிறகு குரல், "அங்கயே இருங்க! நகராதீங்க!" எங்கே நகர்வது. மூன்று பேர் வெள்ளையிலிருந்து பிரிந்து வந்தார்கள், முன்னால் இம்மானுவேல், ஓட்டத்தை விட்டுவிட்டு அவர்களுக்கு வழிகாட்டத் திரும்பி ஏறியிருக்கிறார். வட்டத்தைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார். சர்க்கரை நிறையப் போட்ட டீயை மூடியில் ஊற்றி அத்தைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள், தடிமனான உறைக்குள் மாற்றிச் சுற்றி, தூக்குப் படுக்கையில் கட்டித் தூக்கினார்கள். வழியெல்லாம் அத்தை, "பாத்துங்க தம்பி, வழுக்கும், பாத்துங்க" என்று தூக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் படுக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன், தூக்குவதற்கு அல்ல, சும்மா.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் காலி செய்து ஹீட்டர் வைத்திருந்தார்கள். டாக்டர் முட்டியைக் கட்டினார், உடம்புச் சூடு பார்த்தார், இன்னும் அரைமணி தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு கம்பளிக்குள்ளிருந்து அத்தையின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது, சிவப்பாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக. யாரோ சபரீஷுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், அத்தையின் போன் அடித்தது, எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினான், இந்த வயதில் மலை என்ன, ஓட்டம் என்ன, இதோ வண்டி எடுக்கிறேன், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், அவர்கள் பேசட்டும் என்று. மைதானத்தில் மழைக்குள் கடைசி ஆட்கள் ஓடி வந்து கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவன் முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். "மழையில மலையேறி வண்டி ஓட்டிட்டு வராத கண்ணு" என்றார். "நீ எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கறேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவ கூட்டிட்டுப் போயிருவா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். அத்தை என்னைப் பார்க்கவில்லை, ஹீட்டரின் சிவப்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடையில் பெயர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"எவளா? என்ர மைதிலிதான்."